உணவுத் திருவிழா வசூல்: எவ்வளவு வெளியே போகணும், எவ்வளவு சங்கத்திலேயே தங்கலாம்?

#1 கரிசல்மண் | செவ்வாய், இரவு 9.14

எல்லோருக்கும் வணக்கம். 34 உறுப்பினர் உள்ள சின்ன ஊர் ரோட்டரி சங்கம். அக்டோபர் 24 உலகப் போலியோ தினத்தை ஒட்டி உணவுத் திருவிழா நடத்தலாம்னு பேச்சு. கூப்பன் 250 ரூபாய், 600 கூப்பன் அச்சடிக்கிறதா இருக்கோம். வசூலில் பாதி போலியோ நிதிக்கு, பாதி இலவசக் கண் முகாமுக்குன்னு நோட்டீஸில் போடப் போறாங்க. மூணு சந்தேகம்:

ஜூலையில் நடந்த புது நிர்வாகிகள் பணியேற்பு விழாவில் 46,000 ரூபாய் துண்டு விழுந்திருக்கு. அதை இந்த வசூலில் ஈடுகட்டிக்கலாம்னு ஒரு தரப்பு சொல்லுது. சரியா?

கூப்பன் வேகமா விற்க, எண்ணைக் குலுக்கி எடுத்து ஸ்கூட்டர் பரிசு தரலாமா?

சிங்கப்பூரில் இருக்கிற ஊர்க்காரங்க பணம் அனுப்பறேங்கறாங்க. அதை வைத்து அரசு மருத்துவமனைக்கு டயாலிசிஸ் இயந்திரம் வாங்கித் தர முடியுமா?

விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 கணக்குப்பிள்ளை | செவ்வாய், இரவு 10.02

முதல் கேள்விக்குப் பதில்: கூடாது. போலியோவுக்கும் கண்ணுக்கும்னு சொல்லி ஊர்க்காரங்ககிட்ட வாங்கின காசு, மாலைக்கும் சால்வைக்கும் போகக் கூடாது. ரோட்டரி பரிந்துரைக்கிற துணைவிதியிலேயே சங்க நிதியை நிர்வாகம், சேவைத் திட்டம்னு ரெண்டாப் பிரிச்சு வைக்கச் சொல்லியிருக்கு. அரிமா (லயன்ஸ்) சங்கத்தில் இன்னும் கறார். பொதுமக்களிடம் திரட்டினதில் அந்த நிகழ்ச்சிக்கு நேரடியா ஆன செலவை மட்டும் கழிச்சுக்கலாம், மிச்சம் பொதுக் காரியத்துக்கே திரும்பணும். உங்க 46,000-ஐ 34 பேருக்கு வகுத்தா தலைக்கு 1,353 ரூபாய். உறுப்பினர்கள் கையிலிருந்து போட்டு முடிங்க. அடுத்த ஜூலையில் ஃப்ளெக்ஸ் அளவு தானா குறையும்.

இப்போ திருவிழாக் கணக்குக்கு வருவோம். 600 கூப்பன் அச்சடிச்சா 600-ம் விற்காது. 480 விற்குதுன்னு வைங்க: 1,20,000 வரவு. வாங்கினவங்க அத்தனை பேரும் சாப்பிட வர மாட்டாங்க, 400 பேர்னு வைங்க. செலவில், சமையல்காரரும் குறைந்தபட்சம் 400 இலைக்கு உத்தரவாதம் கேட்பார். இலைக்கு 150 வீதம் 60,000. மண்டபம் 12,000, பாத்திரம், தண்ணீர், குப்பை அள்ள 5,000, அச்சு 3,500. மொத்தம் 80,500. கையில் நிக்கிறது 39,500. மூணில் ஒரு பங்குதான்! பாதி பாதின்னு நோட்டீஸில் போட்டா, வாங்கறவர் தன் 250-இல் 125 போலியோவுக்குப் போகுதுன்னு நினைச்சுக்குவார். "செலவு போக மீதி" என்ற வார்த்தை நோட்டீஸிலும் கூப்பனிலும் இருந்தே ஆகணும்.

இந்த மாதிரி நிகழ்ச்சியில் கூப்பன் காசில் பெரும்பகுதி செலவுக்கே போயிடும். நிதி நிக்கிறது ஆதரவாளர் காசில். ஒவ்வொரு ஸ்டாலுக்கும் ஒரு கடைக்காரர் 10,000 கொடுத்தா நாலு ஸ்டாலில் 40,000. உங்க மீதி ரெட்டிப்பாகும். அதனால முதல் மூணு வாரம் ஆதரவாளர் பிடிங்க, கூப்பனைக் கடைசி மூணு வாரம் இறக்குங்க. பல சங்கம் இதைத் தலைகீழாப் பண்ணி மாட்டிக்குது.

கூப்பன் நடைமுறை:

ஒரு புத்தகத்துக்கு 20 தாள், கூப்பனிலும் அடிக்கட்டையிலும் ஒரே வரிசை எண். கொடுக்கும்போதே ஒரு பதிவேட்டில் புத்தக எண், பெயர், தேதி எழுதிக் கையெழுத்து வாங்கணும். நிகழ்ச்சிக்கு மூணு நாள் முன்னாடி விற்காத தாள்களைத் திரும்ப வாங்கிடுங்க. அந்த எண்ணை வச்சுத்தான் இலை எத்தனைன்னு சமையல்காரருக்குச் சொல்ல முடியும். வாசலில் கூப்பனை வாங்கி ரெண்டாக் கிழிச்சுப் பெட்டியில் போடணும். கிழிக்காம வாங்கி வச்சா அதே கூப்பன் பின் வாசல் வழியா மறுபடி வரிசையில் வந்து நிக்கும்.

க்யூஆர் அட்டை சங்கத்தின் திட்டக் கணக்குக்கு இருக்கணும். பொருளாளரின் சொந்த நம்பருக்கு ஜிபே வாங்கறது நல்ல மனசோடதான் ஆரம்பிக்கும். மார்ச் மாசம் அவர் வங்கிக் கணக்கில் அந்த வரவுக்கு விளக்கம் சொல்ல முடியாமல் தவிப்பார்.

#3 மைக்செட் | செவ்வாய், இரவு 10.31

ஸ்கூட்டர் குலுக்கல் வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-இலிருந்து தடை. காசு வாங்கிக்கிட்டு, சீட்டு குலுக்கி, பரிசு கொடுத்தா அது லாட்டரிதான். நல்ல காரியத்துக்குன்னு போட்டா மட்டும் வேறாகிடாது. இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 297-ஆம் பிரிவும் இருக்கு (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 294ஏ). "லக்கி டிப்" என்று பேர் மாத்தினாலும் அதே கதைதான்.

அதுக்குப் பதில் ஏலம் விடுங்க. ஆதரவாளர் கொடுத்த பட்டுப்புடவை, ஓவியம், ஊர்க் கிரிக்கெட் அணி கையெழுத்துப் போட்ட மட்டை. ஏலத்தில் பொருளுக்குத்தான் காசு, அதிர்ஷ்டத்துக்கு இல்லை.

காவல் நிலையத்தில் ஒலிபெருக்கி அனுமதிக்கு எழுதிக் கொடுங்க. இரவு 10 மணிக்கு மேல கிடையாது. கடைசிப் பந்தி 9.15-க்குள் உட்கார்ந்தாகணும். சமையல்காரருடைய உணவுப் பாதுகாப்பு உரிம நகல் ஒண்ணு கையில் வச்சிருங்க.

#4 வால்முறுக்கி | புதன், காலை 7.20

கணக்குப்பிள்ளை அண்ணே சொன்னதில் ஒரு சின்ன மாற்றுக் கருத்து. பணியேற்பு விழா, குடும்ப விருந்து எல்லாம் வெட்டிச் செலவுங்கற தொனி தெரியுது. முகாம் அன்னைக்குக் காலை 6 மணிக்கு நாற்காலி போட 15 பேர் வர்றது நோட்டீஸ் பார்த்து இல்லை. வாராவாரம் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்ட பழக்கத்தில்தான் வர்றாங்க. 1905-இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் இன்னும் மூணு பேரைச் சேர்த்து ரோட்டரியைத் தொடங்கினப்ப சேவைத் திட்டம் எதுவும் இல்லை. ஒருத்தர் மாத்தி ஒருத்தர் அலுவலகத்தில் சந்திக்கிறதுதான் ஏற்பாடு. சுழற்சி முறைங்கறதால ரோட்டரிங்கற பேர் வந்தது. தோழமை முந்தி, தொண்டு பிந்தி.

ஆனா அதுக்கான காசை உள்ளுக்குள்ளேயே திரட்ட அரிமாவில் ஒரு அருமையான ஏற்பாடு இருக்கு: டெயில் ட்விஸ்டர்னு ஒரு பொறுப்பாளர், விளையாட்டா அபராதம் போடறவர். கூட்டத்தில் தாமதமா வந்தவர், சட்டையில் சின்னம் குத்தாதவர், செல்போன் அடிச்சவர், பேப்பரில் படம் வந்தவர் எல்லோருக்கும் அபராதம். அவர் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. தொகைக்கு மட்டும் இயக்குநர் குழு உச்சவரம்பு வைக்கும். அவருக்கே அபராதம் போடணும்னா வந்திருக்கிற அத்தனை பேரும் ஒருமனதா வாக்களிக்கணும். வசூலானதை அன்னைக்கே பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிடணும். ரோட்டரியில் கூட்ட ஒழுங்கைப் பார்த்துக்கிற சார்ஜன்ட் அட் ஆர்ம்ஸ் கிட்டத்தட்ட இதையே பண்ணுவார். சந்தோஷப் பெட்டின்னு ஒண்ணும் சுத்தும்: பேரன் பிறந்தா 100 ரூபாய், பெண்ணுக்கு வேலை கிடைச்சா 200.

இதில் எப்போ கெடுதுன்னா, ஒரே ஆளை வாராவாரம் குறிவைக்கும்போது. ரெண்டு மாசத்தில் அவர் வர்றதை நிறுத்திடுவார். 20, 50-க்கு மேல போகாம, எல்லோருக்கும் சுத்தி வர மாதிரி போடணும்.

#5 கணக்குப்பிள்ளை | புதன், காலை 8.05

தோழமைச் செலவே வேண்டாம்னு நான் சொல்லலையே ஐயா. அந்தச் செலவு எந்தப் பையிலிருந்து போகணும்னுதான் சொன்னேன். நீங்க சொன்ன டெயில் ட்விஸ்டர் காசு உறுப்பினர் காசு, விருந்துக்குப் போகட்டும். கூப்பன் காசு போகக் கூடாது.

#6 சந்தேகத்தம்பி | புதன், மதியம் 1.40

இந்தியாவில் போலியோ ஒழிஞ்சு வருஷம் ஆச்சே. ஊர்க்காரன் காசை எதுக்கு வெளிநாட்டு நிதிக்கு அனுப்பணும்? முழுசும் கண் முகாமுக்கே போடலாமே.

#7 இரண்டுசொட்டு | புதன், மாலை 5.55

தம்பி, கேள்வி நியாயம்தான். இந்தியாவில் கடைசியா இயற்கை வகைப் போலியோ பதிவானது 2011 ஜனவரி, ஹௌராவில். 2014 மார்ச் 27-இல் உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசியப் பிராந்தியம் முழுசுக்கும் போலியோ இல்லைன்னு சான்றிதழ் கிடைச்சது. ஆனா பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் ரெண்டிலும் பரவல் நிக்கலை. 2024-இல் பாகிஸ்தானில் 74 பேருக்கு, ஆப்கானிஸ்தானில் 25 பேருக்கு வந்திருக்கு. கிருமிக்கு விசா தேவையில்லை, அதனாலதான் இங்கே இன்னும் சொட்டு மருந்து போடறோம்.

காசுக் கணக்கு: போலியோ ப்ளஸ் என்ற போலியோ ஒழிப்பு நிதிக்கு ரோட்டரி திரட்டற ஒவ்வொரு டாலருக்கும் கேட்ஸ் அறக்கட்டளை ரெண்டு டாலர் சேர்க்கும், வருஷத்துக்கு 5 கோடி டாலர் வரைக்கும். நீங்க 20,000 ரூபாய் அனுப்பினா போய்ச் சேர்றது 60,000. கண் முகாமுக்கு அப்படி இணைத்தொகை இல்லை. அங்கே காசைவிட ஆள் உழைப்புதான் தேவை. அதனால பாதி பாதின்னு பிடிவாதம் பிடிக்காம, முகாமுக்கு எவ்வளவு ஆகும்னு முதலில் பட்ஜெட் போட்டு, மிச்சத்தைப் போலியோவுக்கு அனுப்பறது நல்லதுன்னு என் கணிப்பு. நோட்டீஸ் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி இதை முடிவு பண்ணணும், அதுக்கப்புறம் மாத்த முடியாது.

காசு கொடுக்க முடியாதவங்களுக்குச் சொட்டு மருந்துச் சாவடியில் வேலை இருக்கு. 2024 மார்ச் 3-இல் தமிழ்நாட்டில் 43,051 மையங்களில் சொட்டு மருந்து போட்டாங்க. அத்தனை இடத்திலும் சுகாதாரத் துறை ஆளே உட்கார முடியாது. போறவங்க தெரிஞ்சுக்க வேண்டியது:

குப்பி மேல ஒரு வட்டமும் அதுக்குள்ள ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பா இருந்தா போடலாம். சதுரம் வட்டத்தின் நிறத்துக்கு வந்துட்டாலோ அதைவிடக் கறுத்துட்டாலோ அந்தக் குப்பி வேண்டாம், தனியா எடுத்து வச்சு மேற்பார்வையாளரிடம் கொடுங்க. குப்பியைக் கையில் பிடிச்சுக்கிட்டே அரட்டை அடிச்சா உள்ளங்கைச் சூட்டிலேயே சதுரம் கறுக்க ஆரம்பிக்கும். போட்டவுடன் ஐஸ் பேக் நடுவில் திரும்ப வைங்க. மருந்து வைக்கிற குளிர்ப்பெட்டி (கேரியர்) மூடியை மேசை மாதிரி திறந்து வச்சுக்கிட்டு உட்காராதீங்க. ஒரு குப்பியில் 20 குழந்தைக்கு வரும். ஒண்ணு முடியாம அடுத்ததைத் திறக்க வேண்டாம்.

கன்னத்தை லேசா அழுத்தி வாயைத் திறக்க வச்சு, குப்பியைச் சாய்ச்சுப் பிடிச்சு ரெண்டு சொட்டு. முனை உதட்டிலோ நாக்கிலோ படக் கூடாது. துப்பிட்டா மறுபடி போடணும். இடது கைச் சுண்டுவிரல் நகத்திலும் அதை ஒட்டின தோலிலும் சேர்த்து மை வைங்க. ஈர விரலில் வச்சா மதியத்துக்குள் அழிஞ்சுடும், வீடு வீடாப் போற குழு "போடலை"ன்னு கணக்கில் எடுக்கும்.

தாய்மார்கள் கேட்கிறது எப்பவும் ஒரே கேள்வி: "போன வாரம்தானே ஆஸ்பத்திரியில் போட்டோம்?" பதில்: அது அட்டவணைப்படி போட்டது, இது கூடுதல், தாராளமாப் போடலாம். பிறந்து ரெண்டு நாளான குழந்தைக்கும் உண்டு.

சாவடியைவிட முக்கியம் பேருந்து நிலையமும் ரயில் நிலையமும். செங்கல் சூளை, கட்டட வேலைக்கு வந்திருக்கிற வெளிமாநிலக் குடும்பங்கள் சாவடிக்கு வராது. இந்தி தெரிஞ்ச உறுப்பினர் இருந்தா அவரை அங்கே அனுப்புங்க. ஃபோட்டோவுக்கு நிக்க வேற ஆள் கிடைப்பார்.

#8 முகாம்மணி | புதன், இரவு 9.48

கண் முகாம் பத்தி யாரும் இன்னும் இறங்கலை, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

1925-இல் ஹெலன் கெல்லர் அமெரிக்காவில் அரிமா மாநாட்டில் பேசி, பார்வையற்றோருக்குத் துணை நிக்கச் சொன்னதிலிருந்து கண் வேலை அரிமா சொத்து மாதிரி ஆச்சு. தமிழ்நாட்டில் இன்னைக்கு நடக்கிற முறை வேற ஒரு இடத்தில் பதப்பட்டது. 1976-இல் மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி தொடங்கின அரவிந்த் கண் மருத்துவமனை பெருசா வளர்த்தெடுத்த முறை அது. முகாம் இடத்தில் பரிசோதனை மட்டும்; அறுவைக்குத் தேர்வானவங்களைப் பேருந்தில் மருத்துவமனைக்கே கூட்டிட்டுப் போயிடுவாங்க. பள்ளிக்கூட பெஞ்சில் அறுவை சிகிச்சை என்ற பழைய பழக்கம் ஒழிஞ்சதே பெரிய நிம்மதி. கிருமித் தொற்று வந்தா ஒரே நாளில் பத்துப் பேர் கண் போயிடும்.

வேலைப் பங்கீடு தெளிவு. மருத்துவர், கருவி, அறுவை, லென்ஸ் எல்லாம் மருத்துவமனை பொறுப்பு. இடம், விளம்பரம், தன்னார்வலர், குழுவுக்குச் சாப்பாடு சங்கத்தின் பொறுப்பு. தேதியை நீங்க முடிவு பண்ணிட்டு மருத்துவமனையைக் கூப்பிடாதீங்க. அவங்க முகாம் அட்டவணை முன்னாடியே நிரம்பிடும். குறைஞ்சது ரெண்டு மாசம் முன்னாடி எழுதிக் கேளுங்க.

இடம்: பள்ளிக்கூடம்தான் சிறந்தது. ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா வகுப்பறைகள், தண்ணீர், பெண்களுக்குக் கழிப்பறை, மின்சாரம் எல்லாம் இருக்கு. ஓட்டம் இப்படி: பதிவு, பார்வை அளவு, முதல்கட்டப் பரிசோதனை, கண் அழுத்தம், கண்ணீர்ப் பை சோதனை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கண்ணாடி அளவு, மூத்த மருத்துவர் முடிவு, ஆலோசனை. பார்வை அளவுக்கு அட்டையிலிருந்து 6 மீட்டர் அளந்து தரையில் சுண்ணாம்புக் கோடு போடுங்க. குத்துமதிப்பா நாற்காலி போட்டா கூட்டம் சேரச் சேர நாற்காலி முன்னாடி நகர்ந்துக்கிட்டே போகும், எல்லோருக்கும் பார்வை நல்லாயிருக்கிற மாதிரி காட்டும். விழித்திரை பார்க்கிற அறைக்கு ஜன்னலில் கறுப்புத் துணி வேணும். ஒவ்வொரு மேசைக்கும் நடுவில் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஒரு ஆள். இதுதான் தன்னார்வலரின் உண்மையான வேலை.

விளம்பரம்: ஃப்ளெக்ஸ் பார்க்கிறவர் கண் நல்லாத் தெரியறவர்! புரை விழுந்த பாட்டிக்குச் செய்தி போறது ஆட்டோ மைக், ரேஷன் கடை, கோயில் பூசாரி, சர்ச் அறிவிப்பு, பள்ளிவாசல் ஜமாத், நூறு நாள் வேலை நடக்கிற இடம் வழியாத்தான். முகாமுக்கு முன்னாடி நாலைந்து நாள் சுத்தி இருக்கிற கிராமங்களுக்கு ஆட்டோ போகணும், வயலுக்குப் போறதுக்கு முன்னாடி காலையிலும், திரும்பின பிறகு மாலையிலும்.

நோட்டீஸில் இந்த நாலு வரி இல்லைன்னா பாதிப் பேர் திரும்பிப் போக வேண்டியிருக்கும்:

காலையில் சாப்பிட்டுட்டு வரணும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை வழக்கம்போல் போட்டுட்டு வரணும். பழைய மருந்துச் சீட்டு, கண்ணாடி, ஆதார் நகல் கொண்டு வரணும். அறுவைக்குத் தேர்வானா அன்னைக்கே பேருந்து, மூணாம் நாள் திரும்பி வரலாம், மாத்துத் துணி எடுத்துட்டு வரணும்.

ரெண்டாவது வரிதான் ரொம்ப முக்கியம். "ஆபரேஷன்னா வெறும் வயிற்றில் போகணும், மாத்திரை போடக் கூடாது"ன்னு யாரோ சொல்லிடுவாங்க. அன்னைக்கு ரத்த அழுத்தம் 190-இல் நிக்கும், மருத்துவர் தள்ளி வச்சிடுவார். அவங்க மறுபடி முகாமுக்கு வர்றது அபூர்வம்.

இன்னொரு தொல்லை மேடை. 8 மணிக்கு முகாம் தொடங்கணும். சிறப்பு விருந்தினர் 10.30-க்கு வருவார், அதுவரை பதிவே நடக்காது. மேடை வேணும்னா மதியம் 12-க்கு வைங்க, பரிசோதனை நிக்காம ஓடட்டும். பொன்னாடைக் காசில் ரெண்டு ஆட்டோ கூடுதலா விடலாம்.

பேருந்து கிளம்பும்போது பட்டியலை மூணு நகல் எடுங்க: மருத்துவமனைக்கு ஒண்ணு, கூடப் போற தன்னார்வலருக்கு ஒண்ணு, சங்கத்துக்கு ஒண்ணு. ஒவ்வொருத்தருக்கும் வீட்டில் ஒரு செல் நம்பர். திரும்பி வரும்போது எந்த ஊரில் இறக்கணும்னு பட்டியலில் இருக்கணும். இரவு நேரத்தில் கண்ணில் பச்சைத் துணியோட பாட்டியைத் தெரியாத நிறுத்தத்தில் இறக்கி விட்டா அந்த ஊரில் அடுத்த முகாமுக்கு ஆள் வராது.

கடைசியா, பல சங்கம் விட்டுடறது: ஒரு மாசம் கழிச்சு மறுபரிசோதனை. அன்னைக்குத்தான் கண்ணாடி அளவு முடிவாகும். அதுக்கும் இடம், தேதி, ஆட்டோ அறிவிப்பு வேணும். முதல் முகாம் பட்ஜெட்டிலேயே இதையும் சேர்த்துடுங்க.

#9 கரிசல்மண் | வியாழன், காலை 6.50

முகாம்மணி சார், இதை அப்படியே அச்செடுத்துக் கூட்டத்தில் வைக்கப் போறேன். டயாலிசிஸ் பத்தியும் யாராவது சொல்லுங்களேன்.

#10 தண்ணீர்க்கணக்கு | வியாழன், காலை 11.15

இயந்திரம் வாங்கறது சுலபம், ஓட்டறதுதான் கஷ்டம். ஒரு முறை டயாலிசிஸ் நாலு மணி நேரம், நிமிஷத்துக்கு 500 மில்லி கரைசல். அதாவது 120 லிட்டர் சுத்திகரிச்ச தண்ணீர். ரெண்டு இயந்திரம், மூணு ஷிப்டுன்னா நாளைக்கு 720 லிட்டர். ஆர்ஓ கழிவையும் சேர்த்தா உள்ளே வர வேண்டிய தண்ணீர் அதைவிட எவ்வளவோ அதிகம். போர்வெல் ஏப்ரல், மே-யில் தாங்குமான்னு முதலில் பாருங்க.

தண்ணீரில் குளோரின், குளோரமின் இருந்தா ரத்தச் சிவப்பணு உடையும். அதனால ஆர்ஓ-வுக்கு முன்னாடி கரி வடிகட்டி இருந்தே ஆகணும், ஒவ்வொரு ஷிப்டுக்கு முன்னாடியும் குளோரின் சோதனை எழுதி வைக்கணும். நகராட்சித் தண்ணீரில் ஒருநாள் குளோரின் கூடுதலாப் போட்டுட்டாங்கன்னா வடிகட்டி தாங்காது. சோதிக்காம ஓட்டினா ஆபத்து.

இன்னும்: டயலைசர் (ரத்தத்தைச் சுத்திகரிக்கிற வடிகட்டி), ரத்தக் குழாய், ஊசி, ஹெபாரின் (ரத்தம் உறையாம இருக்கிற மருந்து), கரைசல் எல்லாம் மாசாமாசம் தீர்ந்துபோகும். அதை யார் வாங்குவாங்க? ஹெபடைட்டிஸ் பி உள்ளவங்களுக்குத் தனி இயந்திரம் வேணும், அதனால ஒரே ஒரு இயந்திரம் மட்டும் கொடுத்தா அங்கேயே சிக்கல். டெக்னீஷியன் பணியிடம் இருக்கா? உத்தரவாதக் காலம் முடிஞ்சா உதிரிபாகம் சேர்த்த பராமரிப்பு ஒப்பந்தம் யார் பேரில்? இத்தனைக்கும் மருத்துவமனை எழுத்தில் ஒப்புக்கிட்டாத்தான் பணம் திரட்டத் தொடங்கணும். மூலையில் உறை போட்டு நிக்கிற இயந்திரம் எல்லாம் இந்தக் கேள்விகளைக் கேட்காம கொடுத்தது.

வழி: ரோட்டரியின் உலகளாவிய மானியம். குறைந்தபட்ச பட்ஜெட் 30,000 டாலர். வேறு நாட்டுச் சங்கமோ ரோட்டரி மாவட்டமோ (பல சங்கங்கள் சேர்ந்த அமைப்பு) கூட்டு சேரணும், திட்டம் நடக்கிற நாட்டுக்கு வெளியிலிருந்து குறைஞ்சது 15 சதவீதம் வரணும். மாவட்ட நிதியா வர்றதுக்கு அறக்கட்டளையின் உலக நிதி 80 சதவீதம் சேர்க்கும். உதாரணம் (டாலரில்): உங்க ரோட்டரி மாவட்டம் 8,000, சிங்கப்பூர் இருக்கிற ரோட்டரி மாவட்டம் 5,000, 13,000-க்கு 10,400 சேர்ந்து 23,400. மீதி 6,600 ரொக்கம். ரொக்கத்துக்குக் கையாளும் கட்டணமா 5 சதவீதம், 330 டாலர் தனியாக் கட்டணும்.

மூணு எச்சரிக்கை. ஒப்புதல் வர்றதுக்கு முன்னாடி வாங்கின பொருளுக்குப் பணம் தரமாட்டாங்க. இயந்திரம் விற்கிறவர் உங்க சங்க உறுப்பினர்னா அதை விண்ணப்பத்திலேயே சொல்லணும், மூணு விலைப்புள்ளி வாங்கி வைங்க. ரூபாய் மதிப்புக்கு ரோட்டரி மாசாமாசம் அறிவிக்கிற மாற்று விகிதம்தான் கணக்கு, கூகுளில் பார்த்தது இல்லை.

#11 கணக்குப்பிள்ளை | வியாழன், மதியம் 12.40

சிங்கப்பூர்ப் பணம் பத்தி. அனுப்பறவர் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருந்து, தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி மூலமா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகல் வாங்கி ஃபைலில் போடுங்க. குடியுரிமை மாத்திக்கிட்டவர்னா, ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத சங்கம் அதைத் தொடக் கூடாது. பதிவு உள்ள வேறொரு அறக்கட்டளை வாங்கி உங்களுக்குக் கை மாத்தறதும் 2020 திருத்தத்துக்குப் பிறகு முடியாது. அவங்களை அங்கேயே ஒரு ரோட்டரி சங்கம் வழியாக் கொடுக்கச் சொல்லுங்க, அது மானியத்தில் வெளிநாட்டுப் பங்கா வந்து சேரும்.

உள்ளூர் ஆதரவாளருக்கு: பேனரில் "நன்றி: இன்னார் ஜவுளி" என்று பேர் மட்டும் போட்டா நன்கொடை. "ஆடித் தள்ளுபடி 50 சதவீதம்" சேர்த்துப் போட்டா விளம்பரம், ஜிஎஸ்டி பேச்சு வரும். 2019 அக்டோபர் 11 தேதியிட்ட 116-ஆம் ஜிஎஸ்டி சுற்றறிக்கையில் தெளிவா இருக்கு. வரிச்சலுகை ரசீது கேட்பாங்க. ரொக்கமா 2,000-க்கு மேல வாங்கினா அவங்களுக்குச் சலுகை கிடைக்காது, காசோலையோ யுபிஐ-யோ வாங்குங்க. 250 ரூபாய்க் கூப்பனுக்கு அந்த ரசீது எழுதாதீங்க, அவர் சாப்பிட்டுட்டார்.

#12 வடமராட்சி | வியாழன், இரவு 8.22

வணக்கம். இலங்கையில் இருந்து ஒரு சிறு குறிப்பு. வெளிநாட்டுச் சங்கங்கள் மருந்து அனுப்புகிறோம் என்று சொன்னால் முதலில் காலாவதித் திகதியைக் கேளுங்கோ. வந்து சேரும் நாளிலிருந்து குறைந்தது ஒரு வருடமாவது மிச்சம் இருக்க வேணும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். மூன்று மாதம் மிச்சமுள்ள மருந்துப் பெட்டி துறைமுகத்தில் இரண்டு மாதம் நின்றால், பிறகு எரிக்கும் செலவும் உங்கள் தலையில்தான். பெட்டியில் மருந்தின் பொதுப் பெயரும் ஆஸ்பத்திரிக்காரருக்கு விளங்கும் மொழியில் இருக்க வேணும்.

மேலே ஒரு தம்பி போலியோ நிதி ஏன் என்று கேட்டிருந்தார். இங்கே போர் நடந்த காலத்தில் சொட்டு மருந்து நாட்களுக்காகச் சண்டையை நிறுத்தப் பேச்சு நடத்தியதில் யுனிசெப்புடன் ரோட்டரியின் போலியோ குழுவும் இருந்தது. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிய கே. ஆர். ரவீந்திரன் 2015-16இல் ரோட்டரியின் உலகத் தலைவரானவர்.

#13 கரிசல்மண் | வெள்ளி, காலை 7.05

எல்லோருக்கும் நன்றி. ஸ்கூட்டர் குலுக்கல் ரத்து, ஏலம் வைக்கிறோம். துண்டு விழுந்ததுக்கு உறுப்பினர்களிடமே வாங்கறதுன்னு தலைவர் ஒத்துக்கிட்டார் (முகம் கொஞ்சம் சுண்டிடுச்சு). ரெண்டே ரெண்டு சந்தேகம் பாக்கி. புத்தகம் வாங்கின உறுப்பினர் அடிக்கட்டையும் தராம, விற்காத தாளும் தராம இழுத்தடிச்சா? அப்புறம், திருவிழாவுக்கு அடுத்த ஞாயிறே முகாம் வைக்கலாமா?

#14 கணக்குப்பிள்ளை | வெள்ளி, காலை 7.40

புத்தகம் கொடுக்கும்போதே பதிவேட்டில் ஒரு வரி அச்சடிச்சுடுங்க: "குறித்த தேதிக்குள் திருப்பித் தராத தாள்கள் விற்றதாகக் கருதப்படும்." 20 தாள், 5,000 ரூபாய். கையெழுத்துப் போட்டவர் கட்டணும். தலைவர், செயலாளர் புத்தகங்களை முதல் ஆளாத் திருப்பி வாங்கிட்டா மத்தவங்க தானா வருவாங்க. அந்த எண்களில் வாசலுக்கு வர்ற கூப்பனைச் செல்லாதுன்னு திருப்பி அனுப்பாதீங்க, வாங்கினவர் காசு கொடுத்துதான் வாங்கியிருப்பார்.

#15 முகாம்மணி | வெள்ளி, காலை 8.15

அடுத்த ஞாயிறு வேண்டாம். ஒரே ஆட்கள் ரெண்டு வாரம் தொடர்ந்து காலை 5 மணிக்கு எழமாட்டாங்க. அதோட ஐப்பசி மழை. கிராமத்திலிருந்து வயசானவங்க வர மாட்டாங்க, ஆட்டோ மைக்கும் எடுபடாது. தீபாவளிக்கு முந்தின ஞாயிறும் ஆகாது. மூணு நாள் ஆஸ்பத்திரியில் இருக்கணும்னு சொன்னவுடனே "பேரப்பிள்ளைங்க வருது தம்பி, அப்புறம் பார்த்துக்கலாம்"னு பேருந்திலிருந்து இறங்கிடுவாங்க. தை பிறந்து அறுவடை வேலை ஓஞ்ச பிறகு, மாசியில் ஒரு ஞாயிறு மருத்துவமனையில் கேட்டுப் பாருங்க. பள்ளிக்கூடத்தில் கேட்கும்போது அன்னைக்குத் தேர்வு மையம் எதுவும் இருக்கான்னும் கேட்டுக்குங்க.